கேள்வி – பதில்: மின்தேக்கியில் ஓட்டை விழுவது ஏன்?

கேள்வி: 0.2 மி.மீ. பாலிஎத்திலீன் தாளின் இரு பக்கமும் அலுமினியத் தாள் ஒட்டி மின்தேக்கி செய்தேன். டி.சி. 5 கிலோவோல்ட் வருவதற்குள் ஓரத்தில் பொசுங்கி ஓட்டை விழுந்துவிட்டது. 10 கிலோவோல்ட் தாங்க என்ன செய்யலாம்?

பதில்: மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 25 கிலோவோல்ட் ஏற்றியிருக்கிறீர்கள். பாலிஎத்திலீன் தாங்குவதே ஏறக்குறைய அவ்வளவுதான். மில்லிமீட்டருக்கு 10 கிலோவோல்ட்டுக்கு மேல் போகாதீர்கள். அப்படியானால் 1 மி.மீ. தடிமன் தேவை. அதற்கு 0.2 மி.மீ. தாள்கள் ஐந்தை அடுக்குவது நல்லது. ஒரு தாளில் ஊசிமுனைத் துளை இருந்தாலும் ஐந்திலும் அதே இடத்தில் இருக்காது.

ஓட்டை நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்ததுதான் முக்கியம். அலுமினியத் தாளின் கூரிய விளிம்பில் மின்புலம் குவிகிறது. அங்கே இருப்பது காற்று; அது மில்லிமீட்டருக்கு 3 கிலோவோல்ட்டிலேயே முறிந்துவிடும். போதாக்குறைக்கு, தாள்களுக்கு இடையே சிக்கிய காற்றுப் படலத்தில் மின்புலம் பிளாஸ்டிக்கில் உள்ளதைப் போல 2.25 மடங்கு. இருட்டில் பார்த்தால் நீல ஒளி தெரியும், 'உஸ்' என்ற சத்தமும் கேட்கும். அந்த மின்கசிவு பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் துளைத்துவிடும். தடிமனை மட்டும் கூட்டினால் இது தீராது. காற்றை வெளியேற்றியே ஆக வேண்டும்.

அலுமினியத் தாளை 20 × 25 செ.மீ. அளவில் 11 துண்டுகளாக வெட்டுங்கள். மூலைகளை 1 செ.மீ. ஆரத்தில் வளைத்து, பிசிறில்லாமல் நறுக்குங்கள். பாலிஎத்திலீன் 30 × 35 செ.மீ. இருக்கட்டும், நான்கு பக்கமும் 5 செ.மீ. விளிம்பு கிடைக்கும். இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஐந்து பாலிஎத்திலீன் தாள். ஒற்றைப்படைத் தகடுகளின் இணைப்பு நாக்கு இடப்பக்கம், இரட்டைப்படைக்கு வலப்பக்கம். இருபுறமும் அக்ரிலிக் பலகை வைத்து, நைலான் போல்ட்டால் இறுக்குங்கள். 10 இடைவெளிகளுக்கும் சேர்த்து மின்தேக்குத்திறன் (மின்னேற்றத்தைச் சேமிக்கும் திறன்) சுமார் 10 நானோஃபாரட் வர வேண்டும். அதை அளக்கும் மீட்டர் 7 அல்லது 8 காட்டினால் உள்ளே காற்று நிற்கிறது, இன்னும் இறுக்குங்கள்.

பிறகு அடுக்கைச் செங்குத்தாக நிறுத்தி, ஈரம் படாத புதிய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் முழுக்க அமிழ்த்துங்கள். குமிழ்கள் மேலே ஏற இரண்டு நாளாவது விடுங்கள். வெற்றிடப் பம்ப் இருந்தால் இன்னும் நல்லது. பழைய மின்மாற்றியிலிருந்து வடித்த எண்ணெயைத் தொடவே தொடாதீர்கள். அதில் பி.சி.பி. என்ற நச்சுப்பொருள் இருக்கலாம்.

கேள்வி: பி.வி.சி. தாள் பயன்படுத்தலாமா?

பதில்: டி.சி.க்கு ஓரளவு சரி. டெஸ்லா சுருள் போன்ற உயர் அதிர்வெண் வேலைக்குக் கூடாது. மின்னிழப்பு அதிகம், உள்ளேயே சூடாகி இளகி முறிந்துவிடும். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும்தான் அதற்கு ஏற்றவை.

கேள்வி: மின்னேற்றத்தை எப்படிப் பாதுகாப்பாக இறக்குவது?

பதில்: 10 நானோஃபாரட்டில் 10 கிலோவோல்ட் என்றால் அரை ஜூல், கடுமையாகத் தூக்கியடிக்கும். 2.7 மெகாஓம் மின்தடைகள் 40-ஐத் தொடராக இணைத்து, முனைகளுக்குக் குறுக்கே நிரந்தரமாக வையுங்கள். சாதாரணக் கால் வாட் மின்தடை 250 வோல்ட்தான் தாங்கும் என்பதால்தான் இத்தனை. மின்மூலத்தைத் துண்டித்த ஆறு நொடியில் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அந்தத் தொடரில் ஒரு மின்தடை அறுந்திருந்தாலும் மின்னேற்றம் அப்படியே நிற்கும். ஆகவே கை வைக்கும் முன் நீண்ட காப்புக் கம்பின் நுனியில் கட்டிய உலோகக் கம்பியால் முனைகளைக் குறுக்கிணைத்துவிடுங்கள். எடுத்து வைக்கும்போதும் அந்தக் குறுக்குக் கம்பி இருக்கட்டும். பிளாஸ்டிக்குக்குள் ஊறிய மின்னேற்றம் சிறிது நேரத்தில் மீண்டும் முனைகளுக்கு வந்துவிடும்.