அம்புக்குறி வேலிக்கு அந்தப் பக்கம் காட்டினால்?

கேள்வி: இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் இருக்கிறோம். ஒன்பது வயது மகனுக்கு ஜியோகேஷிங் பைத்தியம் பிடித்திருக்கிறது. யாரோ ஒளித்து வைத்த பெட்டியை (அதுதான் கேஷ்) ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டு. போன வாரம் ஒரு கேஷைத் தேடி ரயில் பாதையோர நடைபாதைக்குப் போனோம். ஆப்பில் இருந்த அம்புக்குறி வேலிக்கு அந்தப் பக்கம் காட்டியது. பையன் வேலியில் கால் வைத்துவிட்டான், இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். இதை யாரிடம் சொல்வது? பெட்டியை நானே எடுத்துவிடலாமா? கோடை விடுமுறையில் நாங்களும் ஒன்று ஒளித்து வைக்க நினைக்கிறோம். எங்கே வைப்பது?

பதில்: திரும்பி வந்தீர்களே, அதுதான் சரி. லீட்ஸ் – ஸ்கிப்டன் தடத்தில் தலைக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. தொடவே வேண்டாம், நெருங்கினாலே மின்சாரம் பாய்ந்துவிடும். இந்த நாட்டில் ரயில் வேலியைத் தாண்டுவதே குற்றம். எந்தக் கேஷுக்காகவும் அந்த வேலியைத் தாண்ட வேண்டாம்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். அந்தப் பெட்டி அநேகமாக வேலிக்கு இந்தப் பக்கம், நடைபாதையோரக் கொடிக்குள்ளேதான் இருக்கும். திறந்த வெளியிலேயே போன் ஜிபிஎஸ் நான்கைந்து மீட்டர் பிசகும். மரத்தடியிலும் உயரமான சுவர் பக்கத்திலும் பத்து மீட்டர் கூடப் போகும். ஒளித்தவர் கருவியிலும் அதே பிசகு உண்டு. அவர் பத்திரமாகத்தான் வைத்திருப்பார். ஆனால் கால் மணி நேரம் தேடிக் கிடைக்காதவர், தன் கண்ணை விட்டுவிட்டு அம்புக்குறியை நம்ப ஆரம்பிப்பார். அதனால் ஒரு கேஷ் ஆபத்தானதா என்று பார்க்க, பெட்டி இருக்கும் புள்ளியைப் பார்த்தால் போதாது. அதைச் சுற்றிப் பத்து மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். அதற்குள் இருக்கும் எல்லாவற்றிலும் முன்பின் தெரியாத ஒருவர் கை வைப்பார், கால் வைப்பார். அந்த வட்டத்துக்குள் தண்டவாளம் வரலாமா?

சரி, இப்போது செய்ய வேண்டியது. முதலில் ஆப்பில் அந்தக் கேஷுக்குக் கீழே 'கிடைக்கவில்லை' என்று லாக் (குறிப்பு) போடுங்கள். அதில் கோபம் வேண்டாம், விவரம் வேண்டும்: 'அம்புக்குறி ரயில் வேலிக்கு உள்ளே காட்டுகிறது. கூட வந்த சிறுவன் ஏற முயன்றான். பெட்டி எந்தப் பக்கம் என்று விளக்கத்தில் இல்லை.' அடுத்து வருபவருக்கு இதுவே எச்சரிக்கை. ஒளித்தவருக்குத் தனியாகவும் ஒரு செய்தி அனுப்புங்கள். பெரும்பாலானவர்கள் உடனே திருத்திவிடுவார்கள். பதிலே இல்லாவிட்டாலோ, பெட்டி உண்மையிலேயே வேலிக்குள் இருப்பது தெரிந்தாலோ, கேஷ்களைச் சரிபார்த்து அனுமதிக்கும் ரிவியூவரின் கவனத்துக்குக் கொண்டுபோகும் லாக்கைத் தயங்காமல் போடுங்கள். அது கோள் சொல்வது ஆகாது. ரிவியூவர்கள் தன்னார்வலர்கள், வரைபடத்தையும் விளக்கத்தையும் வைத்தே அனுமதிக்கிறார்கள். அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள்தான். பெட்டியை மட்டும் எடுக்காதீர்கள். அது இன்னொருவர் பொருள், தவிர நீங்கள் எடுத்தாலும் பட்டியலில் இருக்கும்வரை ஆட்கள் தேடி வந்துகொண்டேதான் இருப்பார்கள். யாராவது தண்டவாளத்தில் இறங்கியதையே பார்த்தால், அவசர எண் 999.

அப்புறம் உங்கள் கேஷ். ஊருக்குள் கடைத்தெருவில் வேண்டாம். உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் வெதர்பியில் 2011 ஜூலையில் நடந்தது தெரிந்திருக்கும். நடு ஊரில் இருந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, தெருவை மூடி, ராணுவத்தின் வெடிகுண்டுப் பிரிவை வரவழைத்து வெடிக்க வைத்தார்கள். அது ஒரு ஜியோகேஷ். எங்கே வைத்தாலும் உள்ளே இருப்பது தெரிகிற பெட்டியாக வாங்குங்கள். 'ஜியோகேஷ்' என்று வெளியே பெரிதாக எழுதி, கேஷின் எண்ணையும் போடுங்கள்.

யார்க்ஷயரில் எல்லோருக்கும் வரும் ஆசை, அந்த அழகான கல் சுவர்கள். தயவுசெய்து வேண்டாம். என் அனுபவத்தில் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு சுவரின் அடியில், புல்லுக்குள் ஒரு டப்பா வைத்தேன். சுவருக்குள் வைக்கவில்லை, அடியில்தான். விளக்கத்தில் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துப் போனால் நான்கு கற்கள் புல்லில் கிடக்கின்றன. சுவரில் முழங்கை நுழைகிற ஓட்டை, அதன் விளிம்பில் ஆட்டு ரோமம் ஒட்டியிருக்கிறது. டப்பா வைத்த இடத்திலேயே, யாரும் தொடாமல். சாந்து இல்லாமல் ஒன்றின் எடையில் ஒன்று நிற்கிற சுவர் அது, ஒரு கல்லை உருவினால் மேலே இருப்பதெல்லாம் தளர்ந்துவிடும். நிலத்துக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டக்கூட இல்லை. அந்த ஓட்டையை அடைக்க ஆள் வைக்க வேண்டும் என்றார். அந்தக் கூலியை நான் கொடுத்தேன். பெட்டியை அன்றே எடுத்துவிட்டேன்.

மழைநீர்க் குழாய்களும் நிலத்தடிக் கால்வாய்களும் கூடவே கூடாது. 2018 ஜூனில் பிராகில், நிலத்தடியில் ஓடும் மோட்டோல் ஓடைக்குள் கேஷ் தேடிப் போனவர்கள் திடீர் மழை வெள்ளத்தில் சிக்கினார்கள். உயிர் போயிருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது: வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பூங்காவோ சின்னக் காடோ பாருங்கள். விடுமுறைக்குப் போன ஊரில் வைத்தால் பராமரிக்க முடியாது. இடத்துக்காரர் யாரோ, அவரிடம் அனுமதி கேட்டு வாங்குங்கள், கவுன்சில் பூங்காவானால் கவுன்சிலிடம். பாதையோரம் விழுந்து கிடக்கும் மரக்கட்டைக்கு அடியில், நான்கு பக்கமும் பூட்டுகிற மூடியுள்ள டப்பா. ஐஸ்கிரீம் டப்பா ஒரு மழைக்கே தாங்காது, கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் லாக் தாள் கூழாகிப் பூசணம் நாறும். உள்ளே மிட்டாய் போடாதீர்கள், மோப்பம் பிடித்து மிருகங்கள் கடித்துவிடும். குழி தோண்டக் கூடாது, அடுத்த கேஷிலிருந்து 161 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம், வேலிச்செடிகளையும் பொந்துகளையும் விட்டுவிடுங்கள்.

விளக்கத்தில் 'பாதையிலிருந்து இரண்டு அடிக்குள், எதிலும் ஏற வேண்டாம், எதையும் உடைக்க வேண்டாம்' என்று எழுதுங்கள். வைத்த முதல் மாதம் வாரம் ஒருமுறை பையனோடு போய்ப் புல்லைப் பாருங்கள். புல் மிதிபட்டு ஒற்றையடித் தடம் விழ ஆரம்பித்தால், பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கோஆர்டினேட்டை (இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் எண்களை) மாற்றுங்கள்.