செப்டம்பர் தள்ளுபடியில் பெலீஸ் மீன்பிடிப் பயணம்: பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. ஆற்றிலும் ஏரியிலும் ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி போன்ற செயற்கை இரையை வீசி மீன் பிடிப்பது) செய்வது நெடுநாள் பழக்கம். ஒருமுறையாவது கடலில் போன்ஃபிஷ் என்ற மீனைப் பிடித்துவிட வேண்டும் என்று ஆசை. கரீபியன் கடலோரம் உள்ள பெலீஸ் நாட்டில் ஒரு தீவு லாட்ஜ், கைடுடன் ஆறு நாள் மீன்பிடிப்புக்குக் கேட்கும் கட்டணம் என் நான்கு மாதச் சம்பளம். வரும் செப்டம்பரில் வந்தால் 30 சதவீதம் தள்ளுபடி தருகிறார்கள். ஆனால் முழுத் தொகையையும் இப்போதே கட்ட வேண்டும், திரும்பக் கிடைக்காது. சம்பளத்தில் 35 சதவீதம் சேமிக்கிறேன், அதில் சம்பளத்தின் 20 சதவீதம் ஓய்வுக்காலத்துக்கு, மீதி 15 சதவீதம் தனி. ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸாக வரும். ஆறு மாதச் செலவுக்கான அவசரகால நிதி கையில் இருக்கிறது. அதிலிருந்து எடுக்கலாமா, தனிநபர் கடன் வாங்கலாமா? "பிடித்த மீனைக் கடலிலேயே விடுவதற்கா இவ்வளவு செலவு?" என்கிறார் மனைவி.

பதில்: முதலில் உங்கள் மனைவியின் கேள்வி. மீனை விட்டுவிடுவது அங்கே விருப்பம் அல்ல, சட்டம். போன்ஃபிஷ், பெர்மிட், டார்பன் ஆகிய மூன்று மீன் வகைகளையும் பிடித்தால் உயிரோடு விட வேண்டும் என்று பெலீஸ் 2009இலேயே விதித்துவிட்டது. ஆகவே நீங்கள் விலை கொடுப்பது மீனுக்கு அல்ல. அந்தக் கடலை அறிந்த ஒரு மனிதரின் ஆறு நாள் உழைப்புக்கு. முழங்கால் ஆழத் தண்ணீரில் படகின் பின்மேடையில் நின்று நீண்ட கழியால் ஓசையின்றித் தள்ளிக்கொண்டே, "பதினொரு மணித் திசை, நாற்பது அடி" என்று அவர் சொல்வார் (படகின் முனை பன்னிரண்டு மணி என்றால், பதினொன்று சற்று இடப்பக்கம்). வெறும் சாம்பல் நிழலாகத் தெரியும் மீன் நகர்ந்து போவதற்குள், சில நொடிகளில் நீங்கள் வீசியாக வேண்டும். புதியவர் ஒருவர் அந்த நிழலைத் தானாகக் கண்டுபிடிப்பது அபூர்வம். எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், கைடு கூலியில் வேண்டாம்.

செப்டம்பர் தள்ளுபடியை விட்டுவிடுங்கள். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சமே செப்டம்பரை ஒட்டித்தான். 1961 அக்டோபர் இறுதியில் ஹாட்டி சூறாவளி பெலீஸ் நகரைச் சிதைத்த பிறகு, தலைநகரையே உள்நாட்டில் பெல்மோப்பானுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு நாடே தலைநகரை மாற்றிக்கொண்ட அபாயத்தை உங்கள் தலையில் ஏற்றுவதற்குத்தான் இந்த 30 சதவீதம். சூறாவளி வராமலும் போகலாம். ஆனால் மேகமும் காற்றும் போதும்: மீனைக் கண்ணால் பார்த்து வீசும் விளையாட்டில் வெயில் இல்லாத நாள் பாதி வீண். அதற்கு லாட்ஜும் பணம் தராது, காப்பீடும் தராது.

காப்பீட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. பெரும்பாலான பாலிசிகளில், புயலுக்குப் பெயர் சூட்டியபின் வாங்கினால் அந்தப் புயலால் வரும் நஷ்டம் சேராது. எந்தக் காரணத்துக்காக ரத்து செய்தாலும் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் பாலிசிகளோ, முன்பணம் கட்டிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் எடுத்தால்தான் பெரும்பாலும் கிடைக்கும். அவசர மருத்துவ வெளியேற்றம் கட்டாயம் இருக்கட்டும். தீவிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவு, பயணச் செலவையே சிறியதாக்கிவிடும்.

இப்போது கணக்கு. லாட்ஜ் சொல்லும் நான்கு மாதச் சம்பளம் உண்மைச் செலவல்ல. பன்னாட்டு டிக்கெட், தீவுக்குச் செல்லும் சிறு விமானம், இடையில் ஓர் இரவுத் தங்கல், மீன்பிடி உரிமம், காப்பீடு, கருவிகள், கைடுக்கும் ஊழியர்களுக்கும் தரவேண்டிய அன்பளிப்பு எல்லாம் சேர்ந்தால் ஆறு மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்பளிப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 10 முதல் 20 சதவீதம் என்பது அங்கே நடைமுறை. இன்னொன்று, பெலீஸ் டாலரில் இரண்டு கொடுத்தால்தான் ஓர் அமெரிக்க டாலர். விலைப்பட்டியலில் வெறுமனே டாலர் என்றிருந்தால் எந்த டாலர் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அந்த நான்கு மாதக் கட்டணம் ஒரு படகை இருவர் பகிர்வதற்கானதா என்றும் பாருங்கள். தனியாகப் போனால் படகும் கைடும் முழுதாக உங்கள் கணக்கில் வரும். தனியாக வரும் இன்னொருவரோடு சேர்த்துவிடச் சொல்லிக் கேட்கலாம். படகிலிருந்து வீசும்போது முன்மேடையில் ஒருவர்தான் நிற்க முடியும், முறை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது குறைதான். முதல்முறை போகிறவருக்கு அந்த ஓய்வும், அடுத்தவர் வீசுவதைப் பார்ப்பதும் நஷ்டமில்லை என்பது என் எண்ணம்.

அவசரகால நிதியைத் தொட வேண்டாம். வேலை போனால் வீட்டைக் காப்பதற்கு வைத்த பணம் அது. கடனும் வேண்டாம், ஒரு வார இன்பத்துக்கு மூன்று ஆண்டு வட்டியா? ஓய்வுக்காலத்துக்கான 20 சதவீதம் அப்படியே ஓடட்டும். மீதி 15 சதவீதத்துக்கு வேறு இலக்கு இல்லையென்றால், 26 மாதத்தில் அது ஏறக்குறைய நான்கு மாதச் சம்பளம். இரண்டு போனஸையும் சேர்த்தால் ஆறு. அதாவது, அடுத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு மார்ச் முதல் மே வரைக்குள் போகலாம். சூறாவளிப் பருவத்துக்கு முந்தைய நல்ல காலம் அது. இந்தப் பணத்தைப் பங்குச் சந்தையில் போடாதீர்கள். தனிக் கணக்கில் தொடர் வைப்பாகச் சேருங்கள். லாட்ஜ்கள் வழக்கமாகப் பாதியை முன்பதிவின்போதும், மீதியைப் பயணத்துக்கு 60 முதல் 90 நாள் முன்பும் கேட்கும். வைப்பு முதிரும் தேதிகளை அதற்கேற்ப அமையுங்கள். முன்பணம் கட்டியதும் மீதிக்குத் தேவையான டாலரை மூன்று நான்கு தவணையில் வாங்கிவிட்டால், மாற்று விகிதம் கடைசி நேரத்தில் ஏறினாலும் பாதிப்பு குறைவு.

கருவிகளில் கை இறுக்கம் நல்லது. போன்ஃபிஷுக்கு 8ஆம் எண் தூண்டில் கோல் ஒன்று போதும் (எண் கூடக்கூட கோலின் வலிமை கூடும்). டார்பனுக்கு வேண்டிய 11, 12ஆம் எண் கோல்களைப் பல லாட்ஜ்கள் வாடகைக்கோ இரவலாகவோ தரும். ஆனால் வெப்பமண்டலக் கடலுக்கென்று செய்த லைன் (வீசும் தூண்டில் கயிறு) வாங்குங்கள். குளிர்நீர் லைன் அந்த வெயிலில் தளர்ந்து கோலின் வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். நீரின் மேல் பளபளப்பைக் குறைத்து மீனைக் காட்டும் ஒளிமுனைவாக்கக் (போலரைஸ்டு) கண்ணாடியையும் நல்லதாகவே வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை, எதிர்காற்றில் ஐம்பது அடி வீசப் பயிற்சி தரும் ஆசிரியருக்குக் கொடுங்கள்.

லாட்ஜுக்கு இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தள்ளுபடி வேண்டாம், வசந்த காலத் தேதிகள் என்னென்ன, சூறாவளியாலோ உடல்நலத்தாலோ வர முடியாவிட்டால் பணத்தைத் திருப்புவீர்களா அல்லது வேறு தேதிக்கு மாற்றுவீர்களா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.