ஹென்றியைச் சுவர் வைத்து அடைத்தது சரியா? எஞ்சின்காரரிடம் சில கேள்விகள்

எங்கள் ஊர் வாசிகசாலையில் சிறுவர்களுக்கு ‘தோமஸும் நண்பர்களும்’ தொடரின் பழைய அத்தியாயம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். 1984இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் வந்த ‘ஹென்றியின் சோகக் கதை’. மழை பெய்கிறது. பச்சை வண்ணமும் சிவப்புக் கோடுகளும் கெட்டுவிடும் என்று ஹென்றி என்ற நீராவி எஞ்சின் சுரங்கத்துக்குள் போய் நின்றுவிடுகிறான். சாரதி வாதாடிப் பார்க்கிறார். கார்ட் கொடியசைத்துக் கை சோர்கிறார். பயணிகள் கயிறு கட்டி இழுக்கிறார்கள். அசைவதாக இல்லை. முடிவில் தண்டவாளத்தைக் கழற்றி, முன்னால் சுவர் எழுப்பி, அவனை அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

அன்றிலிருந்து எனக்குக் கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. இரத்மலானைப் புகையிரதத் தொழிற்சாலையில் வேலை பழகியவனுக்குப் பிள்ளை வளர்ப்பில் என்ன தெரியும் என்று நினைப்பவர்கள், எஞ்சின் பற்றிய பதில்களை மட்டும் வாசிக்கலாம்.

சுன்னாகத்திலிருந்து ஒரு தாய்: ஐயா, என் மகளுக்கு நான்கு வயது. படம் முடிந்ததும் அழுதுவிட்டாள். இதையெல்லாம் சிறுவர் படம் என்று சொல்லலாமா?

பிள்ளை, உங்கள் மகள் அழுததில் நியாயம் இருக்கிறது. குறை கதையில் இல்லை, அதை வெட்டிய இடத்தில் இருக்கிறது. வில்பர்ட் ஓட்ரி என்ற பாதிரியார், சின்னமுத்து கண்டு படுத்திருந்த மகனுக்குச் சொன்ன கதைகள் இவை. 1945இல் வந்த முதல் புத்தகத்தில் நான்கு கதைகள். ஹென்றி அடைபடுவது மூன்றாவது, வெளியே வருவது நான்காவது. கோர்டன் என்ற பெரிய எஞ்சினின் பாதுகாப்பு வால்வு பழுதாகி விரைவு வண்டி நடுவழியில் நின்றுவிடுகிறது. சிறிய எட்வர்ட் தனியே இழுக்க முடியாமல் திணறுகிறான். அப்போதுதான் சுவரை உடைத்து ஹென்றியைக் கூப்பிடுகிறார்கள். புத்தகம் வைத்திருந்த பிள்ளை பக்கத்தைத் திருப்பினால் போதும். தொலைக்காட்சிப் பிள்ளையோ இந்த அத்தியாயத்தை மட்டும் பார்த்தால் ஹென்றியைச் சுவருக்குப் பின்னால் நினைத்தபடி படுக்கப் போகும்.

போதாக்குறைக்கு, கதை சொல்பவர் கடைசியில் ‘அவனுக்கு இந்தத் தண்டனை தகும்தானே?’ என்று பிள்ளையிடமே சம்மதம் கேட்கிறார். அந்த ஒரு வரிதான் எனக்குப் பிடிக்காதது. இரண்டு அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் காட்டுங்கள். இரண்டாவதில் ஹென்றி வெளியே வருகிறான், மகளுக்குப் பிடிக்கும்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவர்: மழை உண்மையில் எஞ்சினைக் கெடுக்குமா?

நல்ல கேள்வி தம்பி. வண்ணத்துக்கு ஒன்றும் ஆகாது. வண்ணத்தின் மேல் வார்னிஷ் பூச்சும் இருக்கும். மழையில் ஆபத்து தண்டவாளத்தில்தான். அதிலும் பெருமழையைவிடத் தூறல் மோசம். பெருமழை அழுக்கைக் கழுவிவிடும், தூறல் எண்ணெயோடும் தூசியோடும் குழைந்து வழுக்கலாகிவிடும். எஞ்சின் புறப்படும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அதற்காகத்தான் எஞ்சினில் மணற்பெட்டி வைத்திருக்கிறார்கள். குழாய் வழியாகச் சக்கரத்துக்கு முன்னால் காய்ந்த மணல் விழும், பிடிமானம் கிடைக்கும். டீசல் எஞ்சினிலும் அப்படித்தான்.

சுரங்கத்துக்குள் நிற்பது மழையில் நிற்பதைவிடக் கெட்டது. நெருப்பு எரிந்துகொண்டிருக்கும் எஞ்சினை அங்கே நிறுத்தினால் முதலில் மூச்சு முட்டுவது சாரதிக்கும் நெருப்பு போடுபவருக்கும்தான். அணைந்து குளிர்ந்த எஞ்சினில் மறுபடி நீராவி ஏற்ற ஒரு நாளின் பெரும்பகுதி பிடிக்கும். அதனால் கோர்டனின் பயணிகள் ஹென்றிக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பதை இரண்டாவது அத்தியாயம் நாசூக்காகக் கடந்துவிடுகிறது.

இன்னொன்று: மெய்யான எஞ்சின் தானாக நிற்பதில்லை. முழு வேகத்தில் வரும் வண்டி, பிரேக் போட்ட பிறகும் நூற்றுக்கணக்கான மீற்றர் ஓடித்தான் நிற்கும். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

மானிப்பாயிலிருந்து: தமிழில் கிடைக்குமா?

தேட வேண்டாம். பழைய அத்தியாயங்களில் எஞ்சின்களின் வாய் அசையாது, கண் மட்டும்தான் திரும்பும். எல்லாப் பேச்சும் ஒரே கதைசொல்லியுடையது. தொடக்க காலத்தில் அந்தக் குரல் ரிங்கோ ஸ்டாருடையது. ஒலியை நிறுத்திவிட்டு நீங்களே கதை சொல்லுங்கள். தண்டனை தகும் என்ற அந்த வரியையும் விட்டுவிடலாம்.

கோப்பாயிலிருந்து: எந்த வயதிலிருந்து காட்டலாம்?

பிள்ளை கதையைத் திருப்பிச் சொல்லத் தொடங்கிய பிறகு.

நல்லூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: அழுதால் அழட்டும். கடமையைச் செய்யாதவனுக்குத் தண்டனை உண்டு என்று காட்டுவதில் என்ன பிழை?

மாஸ்டர், காட்டட்டும். ஆனால் ஏன் நின்றாய் என்று ஒருவர்கூடப் பொறுமையாகக் கேட்டதாகக் கதையில் இல்லை. இழுத்தார்கள், தள்ளினார்கள், அடைத்தார்கள்.

காங்கேசன்துறையிலிருந்து தொழிற்சங்கக்காரர் ஒருவர்: சரியாகச் சொன்னீர்கள். இது வேலைநிறுத்தக் கதை. கயிறு இழுக்கும்போது டொக்டர் தடுத்திருக்கிறார் என்று ஒதுங்கிக்கொள்ளும், ரயில்வேயை நடத்தும் அந்தத் தொப்பிக்கார முதலாளியைப் பாருங்கள்.

தோழர், பாதி ஒத்துக்கொள்கிறேன். அந்த மனிதர் முதலில் வந்தபோது தனியார் கம்பனியின் இயக்குநர். 1948இல் பிரித்தானிய ரயில்வேக்கள் அரசுடைமையானதும் ஓட்ரி அவருடைய பதவிப் பெயரை மாற்றினார், தொப்பியும் வயிறும் அப்படியே இருந்தன. ஆனால் வேலைநிறுத்தம் என்றால் ஒரு கோரிக்கை வேண்டும், கூட நிற்க நாலு பேர் வேண்டும். ஹென்றிக்கு இருந்தது வண்ணத்தைப் பற்றிய கவலை மட்டும். எட்வர்டும் கோர்டனும் அவனுக்காக ஒரு மணிநேரம்கூட வேலையை நிறுத்தவில்லை.

அதே ஆசிரியர்: ஆக, அது வெறும் சோம்பல். தண்டனை சரி.

விடமாட்டீர்கள் போலிருக்கிறது. இதே தொடரில் பின்னால் வரும் கதையைக் கேளுங்கள். ஹென்றிக்கு நீராவி எப்போதும் போதாது. காரணத்தைத் தேடினால் நெருப்புப்பெட்டி சிறிது, சாதாரண நிலக்கரியில் போதிய சூடு கிடைப்பதில்லை. உயர்தர வேல்ஸ் நிலக்கரி போட்டதும் ஓடுகிறான். அப்புறம் ஒரு விபத்து, இங்கிலாந்தின் குரூ ரயில் தொழிற்சாலையில் உருவத்தையே மாற்றிக் கட்டி அனுப்புகிறார்கள். சோம்பேறி என்று வெயிலில் நிறுத்திய பிள்ளைக்கு இரத்தசோகை என்று பிறகு தெரியவருவது போலத்தான். சுவர் எழுப்பிய நாளில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. சுவர் கட்டுபவர்கள் கொதிகலனையும் ஒருமுறை பார்த்திருக்கலாம் என்பதுதான் என் வாதம்.

தொழிற்சங்கக்காரர்: அப்படியானால் பிழை நிர்வாகத்தினுடையது!

வடிவமைத்தவருடையது. இதை இத்தோடு நிறுத்திக்கொள்வோம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

சாவகச்சேரியிலிருந்து: யாழ்தேவிக்கு முகம் வைத்து நாமும் இப்படி ஒரு தொடர் எடுக்கலாமே?

எடுக்கலாம், ஆனால் யாழ்தேவி ஓர் எஞ்சின் அல்ல, 1956இல் தொடங்கிய ஒரு சேவையின் பெயர். இழுக்கும் எஞ்சின் மாறிக்கொண்டே இருக்கும். முகம் வேண்டுமென்றால் கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தில் கனடா தந்த எம்2 வகை டீசல் எஞ்சின்களுக்கு வையுங்கள். அவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்கள் ஏற்கெனவே உண்டு, ‘அல்பேர்ட்டா’ அவற்றில் ஒன்று. கதைக்கும் பஞ்சமில்லை. 1990 ஜூனில் வடக்குக்கு ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் திரும்பி வந்தது. எங்கள் எஞ்சின்கள் நின்றது மழைக்குப் பயந்தல்ல. சுரங்கக் காட்சிக்கு மட்டும் ஹற்றன் பக்கம் சிங்கமலை வரை போக வேண்டியிருக்கும், வடக்குப் பாதையில் சுரங்கமே இல்லை.

இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளில் இங்கே வளர்ந்தவர்கள் பலர் ரயிலை முதலில் பார்த்தது திரையில்தான். இன்று அவர்கள்தான் பெற்றோர். தண்டவாளத்தைக் குறுக்கு வழியாகவும் மாலை நேர நடைபாதையாகவும் நினைக்கும் பழக்கம் அதனால்தான் இன்னும் போகவில்லை. காவலாளி இல்லாத கடவைகளில் இருபக்கமும் பாருங்கள். எஞ்சினுக்குக் கண் கிடையாது.

உரும்பிராயிலிருந்து: புதிய அத்தியாயங்கள் எப்படி?

2008 அளவில் முகங்களைக் கணினியில் உருவாக்கத் தொடங்கினார்கள், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் முழுத் தொடரும் கணினிக்குப் போய்விட்டது. 2021இல் வந்தது கார்ட்டூன் வடிவம். அதில் எஞ்சின்கள் துள்ளுகின்றன. எனக்கு எடையுள்ள எஞ்சின்தான் தேவை. பழைய மாதிரி வண்டிகள் சிறியவை என்றாலும் தண்டவாளத்தை விட்டு எழும்பாதவை, புகைபோக்கியில் புகையும் வரும். இந்த அத்தியாயத்தின் பலம் அதில்தான் பாதி.

இணுவிலிலிருந்து: மூன்று வயதுப் பிள்ளைக்குக் காட்டலாமா?

கோப்பாய்க்குச் சொன்ன பதில்தான்.

அளவெட்டியிலிருந்து: ஐயா, ஒரு சந்தேகம். எத்தனை வயதில்...

கோப்பாய்!

கொக்குவிலிலிருந்து ஒன்பது வயதுச் சிறுவன்: தாத்தா, சுவர் கட்டியபோது சாரதி மாமா உள்ளேயா இருந்தார்?

இல்லையடா கண்ணா. நெருப்பை வெளியே இழுத்துக் கொட்டிவிட்டு, கொதிகலன் ஆறட்டும் என்று இறங்கிப் போயிருப்பார். கதையில் அவரை யாரும் கேட்கவில்லை, ஆனால் மெய்யான ரயிலில் எஞ்சினை ஓட்டுவதும் நிறுத்துவதும் அவர்தான். மறுநாள் காலையில் அவருக்கு வேறொரு எஞ்சின் கொடுத்திருப்பார்கள். எஞ்சினுக்குத்தான் தண்டனை, சாரதிக்கு விடுமுறை கிடைத்திருக்காது.