வாசகர் கேள்வி–பதில்: மலையில் கண்ட புலி அந்துப்பூச்சி புது இனம்தானா?

கேள்வி: விளக்கு வெளிச்சத்துக்கு வந்த ஒரு புலி அந்துப்பூச்சியைப் படம் எடுத்தேன். முன்சிறகில் கறுப்புத் திட்டுகள், பின்சிறகு மஞ்சள். இதைப்போல நான் பார்த்த படங்களில் எல்லாம் பின்சிறகு சிவப்பு. இது புது இனமா?
— வாசகி, கொடைக்கானல்

பதில்: நிறத்தை மட்டும் வைத்து அப்படி நினைக்க வேண்டாம். இந்தக் கூட்டத்தில் ஆளை அதிகம் ஏமாற்றுவது பின்சிறகின் நிறம்தான். ஆர்க்டியா பிளான்டாஜினிஸ் என்ற மலைப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் ஒரே சரிவில் பறக்கும் ஆண்களில் சிலவற்றுக்குப் பின்சிறகு வெள்ளை, சிலவற்றுக்கு மஞ்சள். காக்கசஸ் மலைப்பக்கம் போனால் சிவப்பு. எல்லாம் ஒரே இனம்.

இதற்கு நேர்மாறான கதை நம் ஆமணக்குச் செடியில் இருக்கிறது. அதன் இலையைத் தின்னும் கம்பளிப்புழு வளர்ந்தால் ஒலெபா என்ற புலி அந்துப்பூச்சி. பழுப்பு முன்சிறகு, சிவந்த பின்சிறகில் கறுப்புத் திட்டுகள் என்று எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். ஒலெபா ரிசினி என்ற ஒரே பெயரில் வெகுகாலம் அடங்கிக் கிடந்தவற்றில், ஆணின் பிறப்புறுப்பைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் தனித்தனி இனங்கள் தெரியவந்தன. அந்தப் பேரினத்தில் 2005இல்கூட ஓர் இனத்துக்குப் புதிதாகப் பெயர் வைத்தார்கள், அதுவும் இஸ்ரேலில் கிடைத்த பூச்சிகளை வைத்து. நிறம் வேறானால் இனம் வேறு என்பதும் தவறு, நிறம் ஒன்றானால் இனம் ஒன்று என்பதும் தவறு.

இன்னொன்று: நீங்கள் ‘புதிது’ என்று நினைப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே யாராவது பெயர் வைத்திருக்கலாம். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஜார்ஜ் ஹாம்ப்சன் அங்கேயே அந்துப்பூச்சி சேகரிக்கத் தொடங்கியவர். பின்னாளில் 1892 முதல் 1896 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் அந்துப்பூச்சிகளை நான்கு தொகுதிகளில் விவரித்தார். அவரும் அவருக்கு முன்னவர்களும் பெயரிட்ட மாதிரிகளில் பெரும்பகுதி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மாதிரிகளோடு ஒப்பிடாமல் வைக்கும் பெயர் பெரும்பாலும் பழைய பெயருக்கு இன்னொரு பெயராகத்தான் முடியும்.

கேள்வி: பிறப்புறுப்பைப் பிரித்துப் பார்ப்பது என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது? கல்லூரி ஆய்வகத்தில் முடியுமா?
— விலங்கியல் மாணவர், திருச்சி

பதில்: தாராளமாக முடியும். ஒரு ஸ்டீரியோ நுண்ணோக்கி, இரண்டு நுண்ணிய இடுக்கிகள், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, பொறுமை, இவை போதும்.

பிரிப்பதற்கு முன் மாதிரியை முழுதாகப் படம் எடுத்துவிடுங்கள். டி.என்.ஏ.வுக்காக ஒரு காலைக் கழற்றி 95 சதவீத எத்தனாலில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். எத்தில் அசிட்டேட் புட்டியில் கொன்ற பூச்சியின் டி.என்.ஏ. சிதைந்துபோகும் என்பதால், காலை முன்னதாகவே எடுப்பது அல்லது பூச்சியை உறைய வைத்துக் கொல்வது நல்லது.

காய்ந்த பூச்சியின் வயிற்றை இடுக்கியால் மெல்ல மேல்நோக்கித் தூக்கினால் மார்போடு சேரும் இடத்தில் ‘டக்’கென்று விடுபடும். அதை 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, குழாயை வெந்நீரில் நிறுத்துங்கள். 10 முதல் 20 நிமிடத்தில் உள்ளே இருக்கும் தசை கரைந்து தோல் கண்ணாடிபோல் ஆகும். அவசரமில்லை என்றால் சூடாக்காமல் ஓர் இரவு ஊறவிடுவதே மேல். அதிகம் வெந்தால் சவ்வு கூழாகிவிடும். வேகாமல் எடுத்தால் தசை ஒட்டிக்கொண்டு, இழுக்கும்போது எல்லாம் கிழியும்.

தண்ணீருக்கு மாற்றி, மெல்லிய தூரிகையால் செதில்களைத் துடைத்துவிட்டு, நுனியிலிருந்து உறுப்பை வெளியே இழுங்கள். ஆணில் பார்க்க வேண்டியவை இரு பக்கப் பிடிமடல்கள், மேலே வளைந்த கொக்கி, நடுவில் இருக்கும் குழல். குழலுக்குள் சுருண்டிருக்கும் பைதான் பலமுறை தீர்ப்புச் சொல்வது. நுண்ணூசி சிரிஞ்சால் மெதுவாக நீர் செலுத்தி அதை உப்ப வைத்தால், எந்தப் பக்கம் முள் வரிசை, எத்தனை பிதுக்கம் என்று தெரியும். வேகமாகச் செலுத்தினால் வெடித்துவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. அதனால் இருக்கிற ஒரே மாதிரியில் முதல் பழக்கம் வேண்டாம். நிலக்கடலையைத் தின்னும் சிவப்புக் கம்பளிப்புழுவும் புலி அந்துப்பூச்சியின் புழுதான். அந்தப் பூச்சிகள் பத்துப் பன்னிரண்டில் கைபழகிவிட்டு இதற்கு வாருங்கள்.

முடிந்ததும் கிளிசரின் குப்பியிலோ கண்ணாடித் தகட்டிலோ வைத்து, பூச்சியின் ஊசியிலும் குப்பியிலும் ஒரே எண்ணை எழுதுங்கள். எண் மாறினால் வேலை முழுவதும் வீண்.

இனத்தை அடையாளம் காண உதவும் டி.என்.ஏ. பட்டைக்குறி என்பது மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் 658 எழுத்து நீளத் துண்டு. அது நல்ல சாட்சி, ஆனால் அதையே நீதிபதியாக உட்கார வைக்கக் கூடாது. பழைய கலப்பினத்தால் ஓர் இனத்தின் மைட்டோகாண்ட்ரியா இன்னொன்றில் புகுந்திருக்கலாம், பூச்சியின் உயிரணுவுக்குள் வாழும் வோல்பாக்கியா பாக்டீரியாவும் குழப்பம் செய்யும். சிறகு, உறுப்பு, மரபணு மூன்றும் ஒரே திசையைக் காட்டும்போது துணிந்து எழுதலாம்.

கேள்வி: உயர்மலையில் விளக்கு வைத்தால் ஆண்களே வருகின்றன. பெண்கள் எங்கே?
— வாசகர், குன்னூர்

பதில்: பெண்களின் வயிறு முட்டையால் கனத்திருப்பதால் அவை அதிகம் பறப்பதில்லை. குளிர்ந்த உயரங்களில் இது இன்னும் தூரம் போயிருக்கிறது. ஐரோப்பாவின் ஆக்னோகைனா பாரசிட்டாவில் பெண்ணின் சிறகு குட்டை. கனடாவின் யூகான் மலைகளிலிருந்து 2000இல் விவரிக்கப்பட்ட புலி அந்துப்பூச்சிக்கு ‘பிராக்கிப்டெரா’, அதாவது குட்டைச் சிறகி, என்றே பெயர். அதனால் பகலில் கல்லைப் புரட்டிப் பாருங்கள், பார்த்த கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள். கம்பளிப்புழு கிடைத்தால் வளர்க்கலாம். காற்றுப் போகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் எச்சமும் இலையும் பூஞ்சை பிடித்துப் புழு சாகும், வலை மூடிய பெட்டிதான் சரி. சிலவற்றிலிருந்து அந்துப்பூச்சிக்குப் பதில் ஒட்டுண்ணி ஈ வெளிவரும். அந்த ஈயையும் சேகரித்து வையுங்கள்.

விளக்கை நிலவில்லாத, காற்றடிக்காத, மூடுபனி இரவில் வையுங்கள், நள்ளிரவோடு அணைத்துவிடாதீர்கள். பல புலி அந்துப்பூச்சிகள் அதற்குப் பிறகே வரும். ஒரு குழாய்க்கு ஒன்றுதான் போட வேண்டும். தொந்தரவு செய்தால் சில, கழுத்தருகே மஞ்சள் திரவத்தை நுரையாகக் கக்கும், அது பட்டால் செதில்கள் ஒட்டிப்போகும்.

கேள்வி: எல்லாம் சரிபார்த்து முடித்தால் பெயர் எப்படிச் செல்லுபடியாகும்?
— அதே திருச்சி மாணவர்

பதில்: ஒரே ஒரு பூச்சியை ஹோலோடைப், அதாவது அந்தப் பெயரைத் தாங்கும் மூல மாதிரி, என்று வெளிப்படையாகச் சொல்லி, அது எங்கே வைக்கப்படும் என்பதையும் எழுத வேண்டும். 1999க்குப் பிறகு வெளியாகும் புது இனப்பெயர்களுக்கு மூல மாதிரியை இப்படிக் குறிப்பிடுவது பன்னாட்டு விலங்குப் பெயரிடல் விதிப்படி கட்டாயம். நெருங்கிய இனங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது என்பதைச் சொற்களால் எழுத வேண்டும், படம் மட்டும் போதாது. இணைய இதழில் மட்டும் வெளியிட்டால், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவு வேண்டும், பதிவு செய்த சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இந்தியாவில் 2002 உயிரியல் பன்முகச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி புது இனத்தை அறிவித்து, மாதிரியை அதற்கென நியமித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். சரணாலயத்திலோ தேசியப் பூங்காவிலோ பிடிப்பதாக இருந்தால் வனத்துறையின் எழுத்து அனுமதியை முதலில் வாங்குங்கள்.

ஊசியில் குத்தும் சீட்டில் இடம், அட்சரேகை–தீர்க்கரேகை, கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர், தேதி, பிடித்த முறை, பிடித்தவர் பெயர் எல்லாம் இருக்கட்டும். மாதத்தை ரோம எண்ணில் எழுதுங்கள். 5.6 என்று எழுதினால் ஜூன் 5 என்றும் படிக்கலாம், மே 6 என்றும் படிக்கலாம்.