மினிமம் டியூ கட்டிக்கொண்டே லடாக் போகலாமா?

கேள்வி: கோவையில் தனியார் கம்பெனியில் வேலை, வயது 31, கைக்கு வரும் சம்பளம் 46,000. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக், 2022-ல் வாங்கியது, தவணை 6,900. போன டிசம்பரில் ஹம்பி போகும்போது சித்ரதுர்காவுக்கு முன்னால் ராத்திரி பத்து மணிக்கு கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. மினி லாரி, லாட்ஜ், மெக்கானிக் என்று 9,000 போனது. அந்த பயத்தில் ஜாக்கெட், சைடு பாக்ஸ், இன்டர்காம் என்று கிரெடிட் கார்டில் வாங்கியதில் இப்போது பாக்கி 74,000. மினிமம் டியூ தவறாமல் கட்டுகிறேன். ஜூலையில் மணாலி - லே போகிறேன். 16,500-க்கு இம்போர்ட்டட் டூல் கிட், 6,999-க்கு மூன்று வருட ரோடுசைடு அசிஸ்டன்ஸ் (வழியில் வண்டி நின்றால் உதவிக்கு வரும் சேவை), இரண்டும் நோ காஸ்ட் இஎம்ஐ-யில், அதாவது வட்டியில்லாத் தவணையில் கிடைக்கின்றன. வாங்கலாமா? இன்சூரன்ஸ் 2027 வரை இருக்கிறது. அவசரத்துக்கென்று 1,10,000 எஃப்.டி. தொடாமல் வைத்திருக்கிறேன்.

பதில்: டூல் கிட்டுக்கு அப்புறம் வருகிறேன். "மினிமம் டியூ தவறாமல் கட்டுகிறேன்", அதாவது பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும், என்று கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அங்கேதான் தூக்கிவாரிப் போட்டது.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 74,000-க்கு 2,590. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 466. ஆக மூவாயிரத்து ஐம்பது ரூபாய் பக்கம். நீங்கள் கட்டும் மினிமம் டியூ 5 சதவீதம் என்று வைத்தால் 3,700. அசலில் குறைவது 650 ரூபாய்தான். அதே மாதம் அதே கார்டில் இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் அந்த 650-ம் திரும்ப ஏறிவிடும். இன்னொன்று, பாக்கி வைத்திருப்பவருக்கு அந்த 45 நாள் வட்டியில்லாத சலுகையெல்லாம் கிடையாது, தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும், பெட்ரோலுக்கும் டீக்கும் சேர்த்து. இப்படியே ஒரு வருடம் போனால் வட்டி மட்டும் 36,000-ஐத் தாண்டும். அறுந்துபோன அந்த கேபிள் கடையில் ஐந்நூறுக்குள் கிடைக்கும் சாமான்.

எஃப்.டி.க்கு 7 சதவீதம் என்றால் வருடத்துக்கு 7,700 வருகிறது. ஒரு கையில் 7 வாங்கிக்கொண்டு மறு கையில் 42 கொடுக்கிறீர்கள், இதைவிடப் பெரிய அவசரம் எது வரும் என்று காத்திருக்கிறீர்கள்? இந்த வாரமே எஃப்.டி.யை உடைத்துக் கார்டை முழுசாக அடையுங்கள். முன்கூட்டியே எடுப்பதற்கு ஒரு சதவீதம் போல வட்டியைக் குறைப்பார்கள், போகட்டும். அடுத்த பில்லில் நடுவில் ஓடிய நாட்களுக்கான வட்டி கொஞ்சம் வரும், அதையும் கட்டினால்தான் கணக்கு பூஜ்யமாகும். எஃப்.டி.யை உடைத்தால் வீட்டில் கேள்வி வரும் என்றால் அதை ஈடாக வைத்து வங்கியில் ஓவர்டிராஃப்ட் என்னும் கடன் எடுக்கலாம், எஃப்.டி. வட்டிக்கு மேல் ஒன்றிரண்டு சதவீதம்தான். ஆனால் மறைத்து வைக்கும் கடன் சீக்கிரம் அடைபட்டு நான் பார்த்ததில்லை. வீட்டில் சொல்லிவிடுவதே நல்லது.

நோ காஸ்ட் இஎம்ஐ வேண்டவே வேண்டாம். பிராசஸிங் கட்டணம் உண்டு, உள்ளே ஒளிந்திருக்கும் வட்டிக்கு ஜிஎஸ்டியும் உண்டு, ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடியும் பல சமயம் போய்விடும்.

அப்புறம், 2027 வரை இருப்பதாகச் சொல்லும் இன்சூரன்ஸ். 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு ஐந்து வருட தேர்டு பார்ட்டி (அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு) கட்டாயம், உங்களிடம் இருப்பது அநேகமாக அதுதான். சொந்த வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பெரும்பாலும் முதல் வருடத்தோடு முடிந்துவிடும். பாலிசியை எடுத்துத் தேதியைப் பாருங்கள். முடிந்து 90 நாள் தாண்டியிருந்தால் நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) போயிருக்கும். வண்டியை வீடியோவில் பார்த்துவிட்டுத்தான் புதுப்பித்துத் தருவார்கள். மலைப்பாதையில் வண்டி விழுந்தால் காப்பாற்றப்போவது இந்த ஓன் டேமேஜ்தான். ஆனால் கிளட்ச் தேய்ந்தது, கேபிள் அறுந்தது போன்ற இயந்திரக் கோளாறுக்கு இதிலும் பணம் வராது.

ஓன் டேமேஜைப் புதுப்பிக்கும்போதே ரோடுசைடு அசிஸ்டன்ஸைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம், வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். 6,999 திட்டத்தை நான் தொடமாட்டேன். சர்வீஸ் கம்பெனிகள் தனியாக விற்கும் இந்த மாதிரித் திட்டம் இன்சூரன்ஸே இல்லை, வெறும் சேவை ஒப்பந்தம். தகராறு வந்தால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது. மூன்று வருடம் இதே வண்டியை வைத்திருப்பீர்களா என்பதும் தெரியாது. எதை வாங்கினாலும் இழுத்துச்செல்லும் தூரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் வரம்பு, வருடத்துக்கு எத்தனை தடவை என்ற இரண்டு வரியை மட்டும் படித்துவிடுங்கள். சித்ரதுர்கா மாதிரி தேசிய நெடுஞ்சாலையில் இது உதவும். ஆனால் நீங்கள் போவது மணாலி - லே வழியில் இருக்கும் டாண்டியையும் தாண்டி. அங்கே பெட்ரோல் போட்டால் அடுத்த பங்க் வெகுதூரம் தள்ளித்தான். அதே வழியில் வரும் சார்ச்சு, பாங் பக்கமெல்லாம் மணிக்கணக்கில் சிக்னலே இருக்காது, யாருக்குப் போன் போடுவீர்கள்? அங்கே வண்டி நின்றால் ஏதாவது லாரியில் ஏற்றிக்கொண்டு லே வரை போக வேண்டியதுதான். அதற்குக் கையில் 15,000 ரொக்கம் வேண்டும், கார்டு வாங்க மாட்டார்கள். கார்டை அடைத்தபின் எஃப்.டி.யில் மிஞ்சும் 36,000-லிருந்து இதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

டூல் கிட் விஷயம் சின்னது. முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு டியூப், டயர் லீவர், பஞ்சர் கிட், கைப் பம்பு, ஆக்சில் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர், ஆலன் கீ, பிளக், ஃபியூஸ், கிளட்ச் லீவர், ஆக்சிலரேட்டர் கேபிள், ஜிப் டை. உள்ளூர் ஸ்பேர் கடையில் நாலைந்தாயிரத்தில் முடிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் மெக்கானிக் கடையில் உட்கார்ந்து, பின் சக்கரத்தை அவர் பார்க்க நீங்களே கழற்றி டியூப் மாற்றிப் பழகுங்கள். கழற்றத் தெரியாதவருக்கு இம்போர்ட்டட் ஸ்பானரால் என்ன பிரயோஜனம்?

ஜூலைதான் என்று அடம்பிடிக்காதீர்கள். செப்டம்பரிலும் அந்த ரோடு திறந்திருக்கும், மழையும் குறைந்திருக்கும், அதற்குள் இரண்டு மூன்று கார்டு பில்லை முழுசாகக் கட்டிப் பழகியும் இருப்பீர்கள். கிளம்பும் முன் நம்பரை போஸ்ட்பெய்டுக்கு மாற்றுங்கள், நம்ம ஊர் பிரீபெய்டு லடாக்கில் வேலை செய்யாது. புது கிளட்ச் கேபிளைப் பையில் போடாமல் பழைய கேபிளை ஒட்டியே இழுத்து டேப் சுற்றி வைத்துவிடுங்கள், அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றி மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.