பொதிகைக்கு வழி எந்தப் பக்கம்?

கேள்வி: களியக்காவிளையில் இருக்கிறோம். என் அப்பாவுக்கு 64 வயது. 1980-களில் நண்பர்களோடு பாபநாசம் வழியாகப் பொதிகைமலை ஏறி அகத்தியரைக் கும்பிட்டு வந்தவர். கண்மூடுவதற்கு முன் இன்னொரு தடவை போக வேண்டும் என்கிறார். நானும் தங்கையும் கூடப் போகலாம் என்று இருக்கிறோம். பாபநாசம் வழி இப்போதும் திறந்திருக்கிறதா? பெண்களை விடுகிறார்களா? இடது முழங்காலில் வலி உள்ள அப்பாவால் ஏற முடியுமா?

பதில்: பாபநாசம் வழி திறந்திருக்கவில்லை. உங்கள் தங்கை தாராளமாக ஏறலாம். அப்பாவின் முழங்காலைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு நீங்கள் உங்கள் மாவட்டத்திலேயே ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டியிருக்கும்.

அப்பா போன வழி எனக்குத் தெரியும். பாபநாசம், காரையாறு, பாணதீர்த்தம், கன்னிகட்டி, பூங்குளம், சங்குமுத்திரை, பொங்கலப்பாறை, அதன்பின் உச்சி. திருவிதாங்கூர் அரசின் சங்கு முத்திரையைப் பாறையில் பொறித்து எல்லை காட்டிய இடம்தான் சங்குமுத்திரை. காட்டுக்குள் இரவு தங்கித் தங்கிப் போகும் பல நாள் பயணம் அது. இன்று அந்த வழி முழுவதும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் உள்பகுதி. முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டு, 1988-ல் இரண்டும் ஒரே புலிகள் காப்பகமாயின. அதன்பிறகும் கொஞ்ச காலம் பக்தர்கள் போய்வந்தார்கள், பிறகு நின்றுபோனது. 'எனக்குத் தெரிந்த ஆள் ஒருவர் காரையாற்றிலிருந்து கூட்டிப் போகிறார்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பிடிபட்டால் வனச் சட்டப்படி வழக்கு. பிடிபடாமல் உள்ளே போய்க் கால் பிசகினால் தேடி வர யாரும் இல்லை. இரண்டாவதுதான் எனக்குப் பெரிய பயம்.

மலை எங்கே நிற்கிறது என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. 1956-ல் மாநில எல்லைகளைத் திருத்தியபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழர் பக்கம் வந்தன. அகத்தியரின் பெயர் கொண்ட தாலுகா நமக்கு வந்தது. அவர் இருப்பதாக நம்பப்படும் உச்சி திருவனந்தபுரம் மாவட்டத்தோடு நின்றுவிட்டது. உயரம் 1,868 மீட்டர். நாம் பொதிகை, பொதியமலை என்கிறோம். கேரளத்தார் அகஸ்தியார்கூடம் என்கிறார்கள். உச்சி நெய்யாறு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது. ஆகவே அனுமதி தருவது கேரள வனத்துறை. வழி, கேரளப் பக்கத்துப் போணக்காட்டிலிருந்து ஏறும் வழி. வேறு வழி இல்லை.

எப்போது போவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. இந்த மலை இரண்டு மழையையும் வாங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கேரளச் சரிவில் கொட்டும். அது ஓய்ந்த கையோடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நெல்லைச் சரிவை நனைக்கும். மேற்கே நெய்யாறும் கரமனையாறும் கிழக்கே தாமிரபரணியும் ஒரே மலைத் தொகுதியிலிருந்து இறங்குவதும், தாமிரபரணி கோடையிலும் முழுதாக வறளாமல் ஓடுவதும் இதனால்தான். காட்டின் புல்லும் சோலையும் இரண்டு பருவத்து நீரைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன.

மலை ஏறுகிறவருக்கு இதன் பொருள் வேறு. ஆண்டில் முக்கால் பங்கு நாட்கள் பாறை வழுக்கும், ஓடை பெருகும், அட்டை கடிக்கும். மார்ச் பாதிக்கு மேல் புல்வெளி காய்ந்து தீக்குச்சிக்குக் காத்திருக்கும். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டில், கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்தவர்களைச் சூழ்ந்த தீயை மறந்திருக்க மாட்டீர்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைச்சரிவில் காய்ந்த புல்லில் பிடித்த தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால்கள் ஈடுகொடுக்காது. மழை ஓய்ந்த பிறகு, புல் காய்வதற்கு முன் என்று எஞ்சுவது தைப்பொங்கலை ஒட்டித் தொடங்கி பிப்ரவரி கடைசிவரை உள்ள சில வாரங்கள்தான். கேரள வனத்துறை ஆண்டுதோறும் அறிவிக்கும் பருவமும் ஏறத்தாழ இதுவே. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் முன்பின்னாகும். கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கிறது. பழைய தொகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

முன்பதிவு இணையத்தில். ஒரு நாளைக்கு நூறு பேர் அளவில்தான் விடுகிறார்கள்; வார இறுதி நாட்கள் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். செவ்வாய், புதன் என்று பாருங்கள். அரசு அடையாள அட்டை வேண்டும். அண்மைக்காலமாக மருத்துவச் சான்றும் கேட்கிறார்கள். அது பழைய தேதியில் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆகவே புறப்படும் வாரத்தில் வாங்குங்கள். பூசைப் பொருட்கள், பிளாஸ்டிக், மது, புகையிலை எதற்கும் அனுமதி இல்லை. அப்பா சாம்பிராணியும் கற்பூரமும் எடுத்துவைப்பார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சோதனைச் சாவடியில் மனம் நோக வேண்டாம்.

தங்கையின் விஷயத்துக்கு வருகிறேன். உச்சிக்குப் பெண்கள் போகக்கூடாது என்பது அங்கே வாழும் காணிப் பழங்குடி மக்களின் வழக்கம். அகத்தியர் அவர்களுக்குக் குலமுதல்வர் போல. வனத்துறையும் வெகுகாலம் பெண்களுக்கு அனுமதி தரவில்லை. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பெண்களைத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில், பாதுகாப்புத் துறைச் செய்தித் தொடர்பாளராக இருந்த தன்யா சனல் உச்சிக்குப் போனார். அன்று காணி மக்கள் போணக்காட்டில் கூடி எதிர்ப்பைத் தெரிவித்தார்கள், யாரையும் தடுக்கவில்லை. அந்தக் கண்ணியத்தை நான் மதிக்கிறேன். இப்போது ஒவ்வொரு பருவத்திலும் பெண்கள் ஏறுகிறார்கள். தங்கையிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: வழியில் இரவு தங்கும் அதிருமலை முகாமில் கொட்டகைத் தங்கல், தனியறையை எதிர்பார்க்க வேண்டாம்.

களியக்காவிளையிலிருந்து நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை, ஆரியநாடு, விதுரா வழியாகப் போணக்காடு போவது உங்களுக்குச் சுருக்கம். தென்காசிப் பக்கத்துக்காரர்கள் ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு வழியாக விதுராவுக்கு வருவார்கள். போணக்காட்டுக்கு அரசு பஸ் உண்டு, ஆனால் எண்ணிச் சொல்லும் அளவுக்குத்தான். முந்தின இரவே விதுராவில் தங்கிவிடுவது நல்லது. போணக்காடு பழைய தேயிலைத் தோட்டம். தோட்டம் நொடிந்துபோய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இன்னமும் இருக்கும் குடும்பங்களில் பல, தலைமுறைகளுக்கு முன் நம் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்கப் போனவர்களின் வழிவந்தவை. நீங்கள் தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் வரும். வெள்ளைக்காரத் துரையின் பாழடைந்த பங்களாவில் பேய் இருப்பதாகச் சொல்லி இளைஞர்கள் பைக்கில் வருகிறார்கள். தோட்டத்தை நம்பி வந்தவர்களின் கூலி என்ன ஆனது என்று அந்த இளைஞர்களில் ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மொத்தம் மூன்று நாள். முதல் நாள் போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை பதினைந்து கிலோமீட்டர் அளவில் நடை. மலையாளத்தில் 'அதிரு' என்றால் எல்லை. வழியெங்கும் பெயர்களே எச்சரிக்கைப் பலகைகள். அட்டையாறு எதற்குப் பெயர்போனது என்று சொல்ல வேண்டியதில்லை. ஏழுமடக்குத் தேரி என்றால் ஏழு முறை மடங்கி ஏறும் மேடு. நம் திருச்செந்தூர்ப் பக்கத்தில் தேரி செம்மணல் மேடு. இங்கே அது செங்குத்துச் சரிவு. முட்டிடிச்சான் தேரியில் முட்டி இடிக்கும், வேறு விளக்கம் வேண்டாம். முதல் பாதி பெரும்பாலும் நிழற்காடு, ஓடை ஓடையாகக் கடந்து சுகமாகப் போகலாம். ஏமாந்துவிடாதீர்கள். அதன்பிறகு நிழலே இல்லாத புல்வெளியில் உச்சி வெயிலில் ஏற வேண்டியிருக்கும். ஆட்கள் சோர்ந்து உட்காருவது உச்சியில் அல்ல, அந்தப் புல்வெளியில்தான். காலையில் முதல் குழுவோடு புறப்பட்டுவிட்டால் வெயிலைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் அதிருமலையிலிருந்து உச்சிக்கு ஆறேழு கிலோமீட்டர். பொங்கலப்பாறை வரை காடும் ஈற்றை என்ற நாணல் மூங்கிலும். பாபநாசம் வழியாக வந்தவர்கள் பொங்கல் வைத்த பாறை அது, அப்பாவுக்கு நினைவிருக்கும். அதற்கு மேல் குட்டை மரங்கள், பாறை, காற்று. கடைசியில் சில இடங்களில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். உச்சியில் திறந்த வெளியில் அகத்தியர் சிலை. மேகம் விலகினால் ஒரு பக்கம் நெல்லைச் சீமை, மறு பக்கம் கேரளம். விலகாவிட்டால் அடுத்தவர் முகம்கூடத் தெரியாது. அன்றே அதிருமலைக்கு இறங்கி, மூன்றாம் நாள் போணக்காடு. சாப்பாட்டுக்குக் கஞ்சியும் பயறும் கிடைக்கும். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரு சால்வை, மாற்றுச் சட்டை, டார்ச், உப்பும் சர்க்கரையும் போதும்.

இங்கே ஒரு மனிதரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. திருவிதாங்கூர் அரசின் திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்துக்கு 1852-ல் இயக்குநராக வந்த ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1850-களின் நடுவில் இந்த உச்சியில் இன்னொரு ஆய்வுநிலையம் கட்டினார். பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் கோடு, இப்பகுதிக்கு அருகில் போகிறது. கடலோரத்திலும் மலையுச்சியிலும் ஒரே நேரத்தில் காந்தமானியையும் காற்றழுத்தமானியையும் பார்த்து ஒப்பிட வேண்டும் என்பது அவர் திட்டம். கயிறு பிடித்து ஏறும்போது ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்: கண்ணாடிக் குழாய் வைத்த கருவிகளை இதே பாறை வழியாக யார் தோளில் ஏற்றியிருப்பார்கள்? அறிக்கைகளில் பிரௌனின் பெயர் இருக்கிறது.

வழிகாட்டியாகக் காணி ஒருவர் வந்தால் அதிர்ஷ்டம். 1987-ல் பாலோடு தாவரவியல் தோட்டத்து ஆய்வாளர்கள் இந்தக் காட்டில் நடந்து களைத்தபோது, கூட வந்த காணிகள் மட்டும் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு அயராமல் நடந்தார்கள். கேட்டதற்கு முதலில் தயங்கி, பிறகு காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. அதன் வருமானத்தில் காணிகளுக்கும் பங்கு என்ற ஏற்பாடு உலக அளவில் பேசப்பட்டது. அகத்தியர் மலை உயிர்க்கோளக் காப்பகத்தில் உயர்வகைத் தாவரங்கள் மட்டும் 2,254 வகை. 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது சும்மா அல்ல. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'மூலிகை' என்று ஒரு இலையைக் கிள்ளிப் பையில் போடும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அது குற்றம். ஏதென்று தெரியாத காயைத் தின்பது முட்டாள்தனம்.

இனி அப்பாவின் முழங்கால். வயது தடையல்ல, அறுபதைத் தாண்டியவர்கள் நிதானமாக ஏறி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். முழங்கால் வலி ஏறும்போது பேசாது, இறங்கும்போதுதான் பேசும். இரண்டாம் நாள் உச்சியிலிருந்தும் மூன்றாம் நாள் முகாமிலிருந்தும் தொடர்ந்து இறங்க வேண்டும். நடுவில் வண்டி கிடையாது. கொட்டாரம் பக்கத்தில் மருந்துவாழ்மலை இருக்கிறதே, மார்கழியில் ஒரு நாள் விடியற்காலையில் அப்பாவை அங்கே கூட்டிப் போங்கள். முதுகில் ஐந்து கிலோ பை. உச்சிவரை ஏறி, கைத்தடியோடு இறங்கட்டும். மறுநாள் காலையில் மறுபடியும் ஏறி இறங்கட்டும். இரண்டாம் நாள் ஏறியதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்றாம் நாள் காலையில் வீட்டுப் படியில் இறங்கும்போது முழங்கால் வீங்காமல், கைப்பிடியைத் தேடாமல் இறங்குகிறாரா என்று பாருங்கள். இறங்கினால் மூன்று பேருக்கும் பதிவு செய்யுங்கள். அதிருமலைவரை போய், உச்சியை விட்டுவிட்டு முகாமில் காத்திருக்கவும் அவருக்கு மனம் இருக்க வேண்டும். அங்கிருந்தே மலை முழுதாகத் தெரியும்.

வீங்கினால் நீங்களும் தங்கையும் மட்டும் போய்வாருங்கள். அப்பாவைப் பாபநாசத்துக்குக் கூட்டிப் போய், அகத்தியர் அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில் உட்கார வையுங்கள். சிவன் பார்வதி திருமணக் காட்சியை அகத்தியர் கண்டதாகச் சொல்லப்படும் இடம் அதுதான். பொதிகையிலிருந்து இறங்கி வரும் தண்ணீரும் அதுதான். அவர் ஒருகாலத்தில் நடக்கத் தொடங்கியதும் அங்கிருந்துதான். எது ஆனாலும் மருந்துவாழ்மலைச் சோதனையை டிசம்பருக்குள் முடித்துவிடுங்கள். ஜனவரி பிறந்ததும் முன்பதிவு எந்த நாளும் திறந்துவிடும்.