ரெண்டு வண்டி, நாலு பேர்: ஆர்.வி. கேள்வி பதில்

அமெரிக்காவில் ஆர்.வி. பயணம், அதாவது கட்டில், அடுப்பு, டாய்லெட் எல்லாம் உள்ள வீட்டு வண்டியில் ஊர் சுற்றுவது பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். வந்து குவிந்துவிட்டன. முதலில் எங்கள் சங்கதி: ரிட்டயர் ஆன மறு வருஷமே நானும் மனைவியும் 24 அடி கிளாஸ் சி (வேன் முகப்பு வைத்த நடுத்தர ஆர்.வி.) வண்டி ஒன்று வாங்கினோம். கூட வருவது பழைய ஆபீஸ் நண்பரும் அவர் மனைவியும். அவர்களிடம் பிக்கப் ட்ரக், பின்னால் இழுத்து வரும் வீட்டு டிரெய்லர். வருஷத்தில் மூன்று மாதம் நாலு பேரும் ரோட்டில்தான். வண்டி விற்பது, இன்சூரன்ஸ், டாக்ஸ் எல்லாம் என்னைக் கேட்காதீர்கள்.

டாலஸ்: முதல் தடவை வாடகைக்கு எடுக்கிறோம் அண்ணா. முக்கியமாக எதைக் கவனிக்கணும்?

உயரம். இன்னொரு தடவையும் சொல்கிறேன், உயரம். கூரை மேல் இருக்கும் ஏ.சி.யின் உச்சி வரை எவ்வளவு என்று கேட்டு, ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். எங்களுடையது 11 அடி 2 அங்குலம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வட கரோலைனாவில் டர்ஹமில் ஒரு ரயில் பாலம் உண்டு. 11 அடி 8 அங்குலம் இடைவெளி. வருஷக்கணக்காக வாடகை லாரிகளின் கூரையைப் பலாச்சுளை மாதிரி உரித்துக்கொண்டிருந்தது. 2019-இல் 8 அங்குலம் தூக்கிக் கட்டினார்கள். அதற்குப் பிறகும் போய் இடிக்கிறார்கள். போனில் இருக்கும் சாதாரண மேப்புக்கு நீங்கள் காரில் போகிறீர்களா, வீட்டையே ஓட்டிப் போகிறீர்களா என்று தெரியாது.

எடிசன்: வால்மார்ட் பார்க்கிங்கில் ராத்திரி தங்கலாமா?

கடைக்குக் கடை மாறும். உள்ளே போய் மேனேஜரைக் கேளுங்கள்.

சியாட்டில்: மொன்டானாவில் கிளேசியர் பார்க்கை ஆர்.வி.யிலேயே சுற்றிப் பார்க்க முடியுமா?

சுற்றிப் பார்க்கலாம், நடுவில் குறுக்கே போக முடியாது. கோயிங்-டு-த-சன் ரோட்டில் அவலாஞ்ச் க்ரீக்கிலிருந்து ரைசிங் சன் வரைக்கும் 21 அடி நீளத்துக்கு மேல் எந்த வண்டியும் போகக் கூடாது. அகலம் 8 அடி, கண்ணாடிகளையும் சேர்த்து. எங்கள் வண்டி 24 அடி, எனவே அவுட். முதல் வருஷம் அங்கே ஓடும் பழைய சிவப்பு பஸ்ஸில் டிக்கெட் எடுத்துப் போனோம். கூரைத் துணியைச் சுருட்டிவிடுவார்கள். மேலே பனி, கீழே பள்ளத்தாக்கு, மடியில் கம்பளி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த தடவை நண்பர் டிரெய்லரை கேம்ப்கிரவுண்டில் கழற்றிவிட்டு, நாலு பேரும் அவருடைய பிக்கப்பில் ஏறி அந்த ரோட்டின் உச்சியான லோகன் பாஸ் வரை போய் வந்தோம். டிரெய்லர் இழுக்க மாட்டியிருக்கும் நீளக் கண்ணாடிகளை மடக்க மறக்காதீர்கள். நண்பர் மறந்தார். பாறைப் பக்கம் உட்கார்ந்திருந்த என் மனைவிதான் கத்தி நிறுத்தினாள்.

ஃபீனிக்ஸ்: நாங்கள் ரெண்டு ஜோடி. 35 அடி கிளாஸ் ஏ (பஸ் மாதிரி பெரிய ஆர்.வி.) ஒன்று எடுத்து நாலு பேரும் போனால் செலவு பாதியாகுமே? எதற்கு ரெண்டு வண்டி?

வேண்டாம். காரணம் மேலேயே இருக்கிறது: ஒரு பெரிய வண்டியை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மாதிரி மலை ரோட்டில் ஏற முடியாது, பின்னால் கார் கட்டி இழுத்தாலொழிய. இன்னொன்று, ஒரு ஆர்.வி.யில் பெரும்பாலும் ஒரு பாத்ரூம், ஒரு நல்ல கட்டில். பிரித்துப் போடும் சோஃபாவில் எந்த ஜோடி படுப்பது என்பதை முதல் ராத்திரியே பேசித் தீர்க்க வேண்டும். 60 தாண்டிய முதுகுக்கு அந்த சோஃபா ஆகாது.

இதற்கு எடிசன்காரர் குறுக்கே வந்தார்: "நாங்கள் ஆறு பேர் ஒரே வண்டியில் போனோம், ஒரு சண்டையும் இல்லை." உங்கள் வயசு? "நாற்பது." அப்புறம் என்ன.

ஃபீனிக்ஸ் விடவில்லை, கணக்கைக் காட்டு என்றார். காட்டுகிறேன். 3,000 மைல் என்று வையுங்கள். பெரிய வண்டி கேலனுக்கு 8 மைல் கொடுத்தால் 375 கேலன். எங்களைப் போல ரெண்டு வண்டி, தலா 10 மைல் என்றால் 600 கேலன். வித்தியாசம் 225 கேலன். கேலன் மூன்றரை டாலர் வைத்தாலும் 800-ஐத் தொடாது, ஜோடிக்கு 400. கேம்ப்கிரவுண்டில் ரெண்டு சைட் வாடகை தனி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நண்பர் ஐந்து மணிக்கே எழுந்து கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பவர், நான் எட்டு மணி ஆள். அந்த 400 டாலர் எனக்குச் சல்லிசு.

ஹூஸ்டன் அக்கா சொன்னதையும் சேர்க்கிறேன்: "நாலு பேர் ஒரே டாய்லெட் என்றால் பிளாக் டேங்க் (டாய்லெட் கழிவுத் தொட்டி) நாலே நாளில் நிரம்பும். அதைக் கொண்டுபோய் டம்ப் பண்ண யார் போவது என்று ரெண்டு ஆம்பிளைகளும் முகத்தை முகத்தைப் பார்ப்பார்கள்." இதற்கு மேல் நான் என்ன சொல்ல? (ஃபீனிக்ஸ்காரர் மறுபடி எழுதியிருக்கிறார், டம்ப் பண்ண முறை வைத்துக்கொள்வார்களாம். வைத்துக்கொள்ளுங்கள்.)

எங்கள் முறை: சமையல் ஒன்றாக, தூக்கம் தனி, ஓட்டுவது தனி.

சார்லட்: வால்மார்ட்டில் இரவு நிறுத்த அனுமதி உண்டா?

எடிசனுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

சான் ஹோசே: ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு நேஷனல் பார்க் சீனியர் பாஸ் வாங்கலாமா?

விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்குக் கிடையாது. 62 வயதும் ஆகியிருக்க வேண்டும், சிட்டிசனாகவோ கிரீன் கார்டோ இருக்க வேண்டும். உங்களுக்கு அந்த வயசு வரும்போது 80 டாலர் கொடுத்து ஆயுள் பாஸ் எடுத்துவிடுங்கள். ஃபெடரல் கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றில் வாடகை பாதி.

டென்வர்: மவுன்ட் ரஷ்மோர் பார்த்துவிட்டு யெல்லோஸ்டோன் போகும் வழி?

நல்ல கேள்வி. ரஷ்மோர் பக்கத்திலேயே இருக்கும் கஸ்டர் ஸ்டேட் பார்க்கில் ரெண்டு நாள் போடுங்கள். அங்கே உள்ள நீடில்ஸ் ஹைவேயில் ஆர்.வி.யை நுழைக்காதீர்கள், பாறையைக் குடைந்த ஒரு டனலின் அகலம் சுமார் 8 அடிதான். கண்ணாடி மடக்கிய பிக்கப்பில் போனோம், மூச்சைப் பிடித்துக்கொண்டு. அப்புறம் வயோமிங்கில் டெவில்ஸ் டவர். 1906-இல் அமெரிக்காவின் முதல் நேஷனல் மான்யுமென்ட் ஆனது அதுதான். சாயங்கால வெயிலில் பாருங்கள்.

அதற்கப்புறம் பிக்ஹார்ன் மலை. 14ஏ ரோட்டில் இறங்காதீர்கள், 10 சதவீத இறக்கம். 16-ஐப் பிடித்து டென் ஸ்லீப் வழியாக இறங்குங்கள். நாங்கள் ஒரு தடவை 14ஏ-யில் மாட்டினோம். நண்பர் வழி நெடுக பிரேக்கை மிதித்தபடியே வந்தார். பின்னால் வந்த எனக்கு ஜன்னல் மூடியிருந்தும் கருகல் வாசனை. ஓரம் கட்டினால் டிரெய்லர் சக்கரத்திலிருந்து புகை. ஒரு மணி நேரம் ஆறவிட்டோம். இறக்கம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு மாற்றுங்கள். வேகத்தை எஞ்சின் பிடிக்கட்டும், பிரேக் அவ்வப்போது மட்டும். யெல்லோஸ்டோனில் தண்ணீர், கரன்ட், சாக்கடை மூன்று கனெக்ஷனும் உள்ள இடம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். கரடி நடமாட்டம் என்பதால் துணிக்கூடாரம், துணிச்சுவர் டிரெய்லர் அங்கே கூடாது.

அட்லாண்டா: வால்மார்ட்...

மேனேஜர்.

டாம்பா: மெடிகேர் வெளி மாநிலத்தில் செல்லுமா?

மெடிகேர் என்பது முக்கியமாக 65 தாண்டியவர்களுக்கான அரசு மருத்துவ இன்சூரன்ஸ். அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேர் என்றால், அதை எடுத்துக்கொள்ளும் டாக்டர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் செல்லும். தனியார் கம்பெனி வழியாக வரும் அட்வான்டேஜ் பிளான்களில் பலவற்றுக்கு நெட்வொர்க் எல்லை (குறிப்பிட்ட டாக்டர்கள் மட்டும்) உண்டு. கிளம்பும் முன் போன் போட்டுக் கேளுங்கள்.

ஹூஸ்டன் அக்கா: வண்டியில் இட்லி வருமா?

வரும். கரன்ட் கணக்கு முதலில்: 30 ஆம்ப் சைட் என்றால் மொத்தம் 3,600 வாட். இண்டக்ஷன் 1,800, ஏ.சி. ஒரு 1,500, மேலே மிக்ஸியைத் தட்டினால் எல்லாம் டிரிப். ஏ.சி.யை நிறுத்திவிட்டு அரைக்கணும். ஊர் மிக்ஸியைக் கொண்டுவராதீர்கள், இங்கே 120 வோல்ட்.

மாவு புளிக்க வண்டிச் சூடே போதும். ஆனால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. நெவாடாவில் ஒரு மதியம் முக்கால் பாத்திரம் மாவை சிங்கில் வைத்துவிட்டுக் கிளம்பினோம். அப்போதுதான் பொங்கியிருந்தது போல; ஒரு வளைவில் மூடி திறந்து, கட்டில், தரை, என் செருப்பு எல்லாம் மாவு. காய்ந்தபின் கரண்டியால் சுரண்டினாள் மனைவி. செருப்பு போனது போனதுதான்.